விருந்தினர் இட்ட விருந்து

தமிழர் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் ‘சீனி’ என்பது ஒன்று. ‘சீனச்சட்டி’, ‘சீனவெடி’ என்பனவும் அவ்வாறே சீன நாட்டை நினைவூட்டுவன. வங்காளியரும் சர்க்கரையைச் ‘சினி’ என்றே அழைக்கின்றனர். நாம் குடியேறி வாழும் இக்கொல்கத்தா மாநகரில் சீனர் குடியேறிய வரலாறும் அச்சர்க்கரையிலிருந்தே தொடங்குகின்றது.

வாரன் ஹேஸ்டிங்ஸ் ஆட்சி புரிந்த காலத்தில், 1778-ஆம் ஆண்டளவில், டோங் அச்சூ என்னும் சீன வணிகர் பஜ்பஜ் அருகே ஹூக்ளி ஆற்றங்கரையில் நிலம் பெற்றார். கரும்பு பயிரிட்டு, சர்க்கரை ஆலை ஒன்று நிறுவி, தம் நாட்டுத் தொழிலாளரை வரவழைத்து வேலை செய்வித்தார். நெடுங்காலம் அதனை நடத்த அவருக்கு வாய்க்கவில்லை. சில ஆண்டுகளிலேயே அவர் மறைந்தார், ஆலையும் அழிந்தது. ஆயினும் அவ்வூர் அவர் பெயராலேயே அச்சிப்பூர் என வழங்குகின்றது. சீனப் புத்தாண்டை ஒட்டி இந்நகரத்துச் சீனர் அங்குச் சென்று, ஆற்றங்கரையிலுள்ள அவரது கல்லறையில் வழிபடுவது வழக்கம்.

பின்னர் வந்த சீனர் நகருக்குள் டிரெட்டா பஜார்ப் பகுதியில் குடியேறினர். வெனிஸ் நாட்டினின்று வந்து, கம்பெனி ஆட்சியில் தெருக்களையும் கட்டடங்களையும் மேற்பார்த்த எட்வர்ட் டிரெட்டா என்பவர் பெயரைத் தாங்கிய சந்தை அது. 1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் கல்கத்தாவில் 1,640 சீனர் இருந்தனர். அவருள் கான்டன் பகுதியார் தச்சு வேலையிலும், ஹூபே மாநிலத்தார் பல் மருத்துவத்திலும், ஹக்கா வகுப்பார் தோல் பதனிடுதலிலும் காலணித் தொழிலிலும் சிறந்து விளங்கினர். பென்டிங்க் தெருவின் காலணிக் கடைகளும் டாங்கராவின் தோல் பட்டறைகளும் ஹக்காக்களின் உழைப்பால் எழுந்தவை.

உழைப்பவர் கூடும் இடத்தில் உணவுக் கடை தோன்றுவது இயல்பு. முதலில் தம்மவர்க்காகவே சமைத்த சீனர், நாளடைவில் பிறர்க்கும் பரிமாறத் தொடங்கினர். 1920-களில் டூங் ஆன் கோயிற் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ‘நான்கிங்’ உணவகம் புகழ்பெற்று விளங்கியது. மேல்தளத்தில் வழிபாடும் கீழ்த்தளத்தில் விருந்துமாக இருந்த இடம் அது. டிரெட்டா பஜாரிலோ விடியற்காலையில் சீன இல்லத்தார் தெருவோரத்தில் அமர்ந்து, ஆவியில் வெந்த அப்பங்களும் மீன் உருண்டைச் சாறும் விற்பர். வெயில் ஏறுமுன் கடை கலைந்துவிடும்.

இவ்வுணவு வழிப்பயணிக்கு உகந்ததானது எவ்வாறு? அதன் செய்முறையே காரணம். காய்கறியும் இறைச்சியும் மெல்லியனவாக முன்னரே அரியப்படுகின்றன. நூடுல்ஸ் முன்னரே வெந்து காத்திருக்கின்றது. குழிந்த இரும்புச் சட்டியைப் பெருநெருப்பில் ஏற்றிப் புரட்டினால், சில நிமிடங்களில் தட்டு நிறைந்துவிடும். விறகு மிச்சம், காலமும் மிச்சம். இவ்வூரார் நாவிற்கேற்பப் பச்சை மிளகாயும் பூண்டும் மிகுதியாகச் சேர, சீனத்திலும் காணாத புதுச் சுவை ஒன்று இங்கே பிறந்தது. மரக்கறி உண்பாரும் விலக்காத வகைகள் அதனுள் அமைந்தன. இன்று கொல்கத்தாவின் நடைபாதைகளில் ‘சௌமின்’ விற்போருள் பெரும்பாலார் சீனர் அல்லர்.

உணவு இங்ஙனம் ஊருடையதாயிற்று. உணவை இட்டவர் நிலை என்ன?

1962-இல் சீனத்தோடு போர் மூண்டது. அஸ்ஸாம், மேற்கு வங்கம் முதலிய பகுதிகளினின்று ஏறத்தாழ 3,000 சீன வமிசத்தார் இராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமிற்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் முதியோரும் மகளிரும் குழந்தைகளும் இருந்தனர். இந்நாட்டிலேயே பிறந்து, வேறு நாடு அறியாதவர் பலர். விசாரணையின்றி அடைக்கப்பட்ட அவருள் சிலர் 1967 வரை அங்கேயே கழித்தனர். வெளியில் இருந்தோர்க்கும் ஊர்விட்டு ஊர் செல்லக் காவல்துறையின் இசைவு வேண்டியிருந்தது. நேற்றுவரை அவர் கைச்சமையலை விரும்பி உண்ட ஊர், அவர் முகத்தைக் கண்டு ஐயுற்றது. குடும்பம் குடும்பமாகப் பலர் கனடா முதலிய நாடுகளுக்குப் பெயர்ந்தனர்.

இன்னொரு திருப்பம் 1996-இல் நேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் பாலாற்றை மாசுபடுத்திய வேலூர் வட்டாரத் தோல் ஆலைகளைக் குறித்துத் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், டிசம்பரில் டாங்கரா முதலிய பகுதிகளின் பட்டறைகளை நகருக்கு வெளியே மாற்ற ஆணையிட்டது. பட்டறைகள் பந்தலாவிற்குச் சென்றன. டாங்கராவில் முன்னரே தோன்றியிருந்த உணவகங்கள் பெருகின. பழைய பட்டறைக் கட்டடங்கள் சிலவற்றிலும் அடுப்பு எரிந்தது. அங்குள்ள காளி கோயிலிலே நூடுல்ஸையே அன்னைக்குப் படைக்கின்றனர். ஊரோடு ஒன்றியமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தமிழகத்தை நோக்குவோம். இன்று அங்கே ‘பாஸ்ட் புட்’ என்று பலகை தொங்கும் தள்ளுவண்டியில் கிடைப்பன பெரும்பாலும் வறுத்த சோறும் நூடுல்ஸும் காலிபிளவர் மஞ்சூரியனுமே. மஞ்சூரியா நாட்டில் அப்படியொரு பண்டம் இல்லை. கொல்கத்தாவில் பிறந்த சீனரான நெல்சன் வாங், 1975-இல் பம்பாயில் ஆக்கிய கோழிக்கறி வகையே அதன் மூலம் என்பர். டொரான்டோவிலோ, இங்கிருந்து சென்ற சீனர் சமைக்கும் மிளகாய்க் கோழியும் வறுத்த சோறும் ‘ஹக்கா உணவு’ என்ற பெயரால் வழங்குகின்றன. கொல்கத்தாவில் சீனராக எண்ணப்பட்டவர், அங்கே கொல்கத்தாவின் சுவையைப் பரப்புகின்றனர்.

‘ஹக்கா’ என்னும் சொல்லுக்கு விருந்தினர் குடும்பத்தார் என்பது பொருள். தமிழில் ‘விருந்து’ என்பது புதிதாய் வந்தவரையும் குறிக்கும். அவர்க்கு இடும் உணவையும் குறிக்கும். இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர், ஒன்றை ஏற்று மற்றதை விலக்கலாகாது என்று கருதினர் போலும். இந்நகரம் விருந்தை வைத்துக்கொண்டது. விருந்தினரைப் பெரிதும் இழந்தது. ஒரு காலத்தில் பல ஆயிரவராய் வாழ்ந்த சமூகம் இன்று மிகச் சுருங்கிவிட்டது.

நாமும் இவ்வூருக்கு வந்தவரே. லேக் மார்க்கெட் பகுதியின் இட்டலியையும் தோசையையும் வங்காள நண்பர் விரும்பி உண்பது கண்டு மகிழ்கின்றோம். அம்மகிழ்ச்சி நிலைக்க வேண்டுமாயின், இலையில் இட்டதோடு இட்டவர் வரலாறும் அறியப்பட வேண்டும். நம் மூத்தோரின் நினைவுகளை எழுதி வைப்போம். கொல்கத்தாவைக் காண ஊரிலிருந்து வரும் உறவினரை ஒரு வேளையேனும் டாங்கராவிற்கு அழைத்துச் செல்வோம். தட்டு வருமுன் டோங் அச்சூவின் கதையையும் தேவ்லியின் கதையையும் சொல்வோம். உண்டவர் உண்பித்தவரை அறிதலே விருந்துக்கு நிறைவு.