பெனால்டி ஷூட் அவுட் அநியாயமா?

120 நிமிடம் ஓடி ஆடியவர்களின் தலையெழுத்தைச் சில உதைகளில் தீர்மானிப்பது அநியாயம், வெறும் அதிர்ஷ்டம் என்று பலர் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் என்ன இருந்தது தெரியுமா நண்பர்களே?

1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி, நேப்பிள்ஸ். இத்தாலியும் சோவியத் யூனியனும் கூடுதல் நேரம் முடிந்தும் 0-0. நடுவர் நாணயத்தைச் சுண்டினார். இத்தாலி கேப்டன் ஃபக்கெட்டி கேட்ட பக்கமே விழுந்தது. இத்தாலி இறுதிப்போட்டிக்குப் போய்க் கோப்பையையும் வென்றது! அதே ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக் காலிறுதியில் இஸ்ரேல் குலுக்கலில் பல்கேரியாவிடம் தோற்றது. அடுத்த ஆண்டே ஃபிஃபாவுக்கு ஷூட் அவுட் யோசனையை அனுப்பியது. 1970ல் அது விதியானது.

1976 ஐரோப்பிய இறுதியில் மேற்கு ஜெர்மனியின் ஹோனஸ் பந்தை கம்பத்துக்கு மேலே அடித்தார். செக்கோஸ்லோவாகியாவின் பனென்காவோ, கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய, நடுவில் மெதுவாகத் தூக்கிப் போட்டு ஜெயித்தார். இது அதிர்ஷ்டமா? துணிச்சல்!

ஒரு குறை மட்டும் பாக்கி. யார் முதலில் உதைப்பது என்பதற்கு இன்றும் டாஸ்தான். பின்னால் உதைக்கும் அணி பெரும்பாலும் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். வரிசையை மாற்றிப் போடும் முறையை 2017ல் சோதித்தார்கள், 2018ல் கைவிட்டார்கள். ஷூட் அவுட் இருக்கட்டும். மாற்ற வேண்டியது, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த நாணயத்தைத்தான்.