அச்சத்தால் ஆண்ட இருவர்: கிரியோனும் மக்பெத்தும்

சோஃபக்ளிஸின் ‘ஆன்டிகனி’ கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் அரங்கேறியது. ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ கி.பி. 1606 வாக்கில் எழுதப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகள் தள்ளி நின்றாலும் இரண்டு நாடகங்களும் கேட்பது ஒன்றுதான்: அச்சத்தை நம்பி ஆள்பவனிடம் அன்பு என்ன பாடுபடுகிறது?

கிரியோன் உரிமையோடு ஆட்சிக்கு வந்தவன். ஆன்டிகனியின் சகோதரர் இருவரும் ஒருவரையொருவர் வெட்டி மாண்டதால் தீப்ஸ் நகரம் அவன் கைக்கு வந்தது. அவர்களில் படையெடுத்து வந்த பாலினைசஸை அடக்கம் செய்பவருக்கு மரணம் என்று ஊரறிய ஆணையிடுகிறான். ஆன்டிகனி அதை மீறிச் சகோதரனை அடக்கம் செய்கிறாள். மக்பெத்தோ, தன் வீட்டில் விருந்தாளியாகத் தங்கிய மன்னர் டங்கனை உறக்கத்தில் குத்திக் கொன்று முடிசூடியவன்.

அச்சத்தைப் பரப்புகிறவர்கள் இருவருமே அச்சத்தில் வாழ்கிறார்கள். ஆணை மீறப்பட்ட செய்தியைச் சொல்லக் கிரியோனின் காவலன் நடுங்குகிறான். காவலர்கள் சீட்டுப் போட்டதில் தன் பெயர் விழுந்ததால்தான் வந்திருக்கிறான். அவன் காசு வாங்கிவிட்டான் என்று சந்தேகிக்கும் அரசன், பின்னர் முதிய குறிசொல்லி டைரீசியஸையும் அப்படியே பழிக்கிறான். மக்பெத் ஒவ்வொரு பிரபுவின் வீட்டிலும் கூலிக்கு ஓர் ஒற்றனை வைத்திருக்கிறான். தன் தோழன் பாங்கோவைக் கொல்ல ஆளனுப்புகிறான். பாங்கோவின் மகன் ஃப்ளியன்ஸ் தப்பிவிட, அச்சம் தீரவில்லை. மக்டஃப் என்ற பிரபு இங்கிலாந்துக்குப் போய்விட்டதால் அவனுடைய மனைவி மக்களைக் கொல்லச் சொல்கிறான்.

அன்பின் கதி இரண்டிலும் வேறு. ஆன்டிகனியை மணக்கவிருந்த ஹேமோன் தன் தந்தை கிரியோனிடம் பணிவாகவே பேசுகிறான். ஊர் அந்தப் பெண்ணுக்காக இரகசியமாக அழுகிறது, உங்களிடம் சொல்ல அஞ்சுகிறது என்கிறான். எல்லோரும் வாயடைத்து நின்றபோது உண்மையைக் கொண்டுவந்தது அந்தப் பாசம்தான். பெண்ணுக்கு அடிமை என்று கிரியோன் அவனை விரட்டுகிறான். மக்பெத்தின் வீட்டில் மனைவியின் அன்பே முதல் கொலைக்குத் துணைபோனது. ஆனால் பாங்கோவைக் கொல்லும் திட்டத்தை மனைவியிடமே அவன் மறைக்கிறான். அதன்பின் அவள் தனித்துப்போய், தூக்கத்தில் நடந்து, போகாத இரத்தக் கறையைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

டைரீசியஸின் எச்சரிக்கைக்குப் பின் கிரியோன் மனம் மாறுகிறான். முதலில் குகையில் அடைத்த ஆன்டிகனியை விடுவி, பிறகு பிணத்தைப் புதை என்கிறார்கள் முதியோர். அவன் முதலில் பிணத்தைக் கழுவி, எரித்து, மண்மேடு எழுப்பிவிட்டுத்தான் குகைக்குப் போகிறான். அதற்குள் ஆன்டிகனி தூக்கிட்டு இறந்துவிட்டாள். அவன் கண்ணெதிரே மகனும், பின்னர் அரண்மனையில் மனைவி யூரிடிசியும் தற்கொலை செய்துகொள்கிறார்கள். கிரியோன் கதறுகிறான். மனைவி இறந்த செய்தி மக்பெத்துக்கும் வருகிறது. அவனுக்கு அழுகை வரவில்லை. வாழ்வே பொருளற்றது என்ற சலிப்புதான் வருகிறது. கிரியோன் அன்புக்குரியவர்களை இழந்தான். மக்பெத் அன்பு செய்யும் மனத்தையே இழந்தான்.

மக்பெத்தின் வீழ்ச்சி கொடிது. ஆனால் நாம் அதிகம் அஞ்சவேண்டியவன் கிரியோன். கொலைகாரனை எளிதில் இனம் காணலாம். நகரத்தின் நன்மைக்காக என்று மனதார நம்பிக்கொண்டே, மறுத்துப் பேசியவர்களை வாயடைத்தவன் கிரியோன். ஆட்சியை எடைபோடும்போது அதன் நோக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள். அங்கே ஒரு ஹேமோன் அச்சமின்றிப் பேச முடிகிறதா என்று பாருங்கள்.