சாவியும் நிபந்தனையும்

இங்கிலாந்தில் 19 வயதுப் பையன் ஒருவனை, அம்மாவின் புதிய கணவர் வீட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 1996ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தில் கர்ப்பிணிக்கு முன்னுரிமை உண்டு. குழந்தையுள்ள குடும்பத்துக்கும், 16, 17 வயதினருக்கும், காப்பகத்தில் வளர்ந்த 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் உண்டு. கை கால் நன்றாக இருக்கும் இவனுக்கு இல்லை. 2017இல் வந்த சட்டம், நகராட்சி இவனுக்கும் உதவ முயல வேண்டும் என்கிறது. வீடு கொடுத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே நண்பன் வீட்டு சோபா, அந்த வீட்டம்மாவின் முகம் மாறும்வரை.

இப்படிப்பட்டவர்களுக்காக வந்ததுதான் ஃபோயே என்ற விடுதி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேலை தேடி நகரங்களுக்கு வந்த இளம் தொழிலாளர்களுக்காகப் பிரான்சில் இருந்த விடுதிகளைப் பார்த்து, ஷெல்டர் தொண்டு நிறுவனமும் கிராண்ட் மெட்ரோபாலிட்டன் கம்பெனியும் 1992இல் இதை பிரிட்டனுக்குக் கொண்டுவந்தன. 16 முதல் 25 வயதுவரை சேரலாம். தங்க அறை, கூடவே ஒரு வழிகாட்டி. பதிலுக்கு, படிப்பிலோ பயிற்சியிலோ வேலை தேடுவதிலோ ஈடுபட்டிருப்பேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். முட்டை பொரிப்பதிலிருந்து, பாக்கி கேட்டு வரும் கடிதத்தைப் மெத்தைக்கடியில் தள்ளிவிடாமல் பிரித்துப் பதில் எழுதுவதுவரை பாடம் நடக்கும். பொதுவாக இரண்டு ஆண்டு. அதற்குள் கற்றுக்கொண்டு கிளம்ப வேண்டும்.

அதே 1992இல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் இத்தகைய நிபந்தனை முறையைத் தலைகீழாக்கினார். மனநோயோடு தெருவில் கிடந்தவர்களுக்கு முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு. 2008இல் பின்லாந்து இதே திசையில் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. ஹெல்சிங்கியின் ஆல்ப்பிகாட்டு தெருவில் இரட்சணிய சேனை நடத்திய விடுதியில் ஏறக்குறைய 250 படுக்கைகள் இருந்தன. அதைப் புதுப்பித்து 80 சொச்சம் தனி வீடுகளாக்கினார்கள். அங்கே குடியிருப்பவர் கையில் இருப்பது மற்றவர்களுடையதைப் போன்ற வாடகை ஒப்பந்தம். தன் வீட்டுக்குள் அவர் குடிக்கலாம். பணியாளர் கதவைத் தட்டினால் திறக்காமலும் இருக்கலாம். வாடகை கட்ட வேண்டும், அக்கம்பக்கத்தாரைத் தொந்தரவு செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

காகிதத்தில் பார்த்தால் பின்லாந்துதான் ஜெயிக்கிறது. ஆனால் அந்த முறை உருவானது பல வருடம் தெருவில் கழித்த பெரியவர்களுக்காக. 19 வயதுக்காரன் ஒருநாளும் தனியாகக் குடியிருந்ததில்லை. கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் இதைச் சோதித்தபோது, மனநலச் சிக்கலுள்ள 18–24 வயதினரும் வீட்டில் நிலைத்திருந்தார்கள். வேலை, வாழ்க்கைத் தரம் போன்றவற்றில் பெரிய மாற்றம் தெரியவில்லை. சாவி வெயில் மழையிலிருந்து காக்கும். இரவு பதினொரு மணிக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் ஃபோயேயின் பொதுச் சமையலறைதான் கைகொடுக்கும். பின்லாந்துக்காரர்களுக்கும் இது தெரியாமலில்லை. அங்குள்ள இளைஞர் வீட்டுவசதிச் சங்கம் 18–29 வயதினருக்கென்று வாடகை வீடு கட்டி, கூடவே ஆலோசகரையும் வைக்கிறது.

ஃபோயேயில் எனக்கு உறுத்துவது பாடமல்ல, கணக்கு. ஊழியர், காவல், பராமரிப்பு என்று செலவு அதிகமானதால் இத்தகைய விடுதிகளின் வாடகையும் அதிகம். வேலையில்லாதவரை அரசின் வாடகை உதவி அதைக் கட்டிவிடும். வேலை கிடைத்தால்? வெளியே தனியார் வீட்டில் இருப்பவனுக்கு, கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவி 55 பென்ஸ் குறைந்தபோது, விடுதிக்காரனின் வாடகை உதவி 65 பென்ஸ் வீதம் வெட்டப்பட்டது. பல ஆண்டுகள் நீடித்த கணக்கு இது. கூடுதல் ஷிப்டுக்கு மேலாளர் கூப்பிட்டால், பையன் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, வேண்டாம் என்பான். அவனைச் சோம்பேறி என்பதா, பட்ஜெட் வகுப்பைக் கவனித்துக் கேட்டவன் என்பதா? வேலைக்குப் போ என்று கையெழுத்து வாங்கிய இடத்திலேயே, வேலைக்குப் போனவன் கையைச் சுட்டுக்கொண்டான்.

இரண்டு ஆண்டு முடிந்து வெளியே வந்தாலும் பல ஆண்டுகள் இதே கதைதான். 2012 முதல் 2021வரை, விடுதியிலிருந்து வந்த 25 வயதுக்குட்பட்ட தனியாள் தனியார் வீட்டில் குடியேறினால், பொதுவாகப் பங்கு வீட்டின் ஓர் அறைக்கான தொகையே உதவியாகக் கிடைத்தது. தனிக்குடித்தனத்துக்குத் தயார் செய்துவிட்டு, தெரியாத நாலு பேரோடு குளியலறைக்கு வரிசையில் நிற்க அனுப்பினார்கள்.

ஃபோயேயின் சமையலறையும் வழிகாட்டியும், பின்லாந்தின் வாடகை ஒப்பந்தமும் சேர்ந்து கிடைத்தால் நல்லது என்பதே என் கட்சி. பாடம் இருக்கட்டும், வகுப்புக்கு வராததற்காகப் படுக்கை போகக் கூடாது. ஆனால் அந்த ஒப்பந்தமும் வாடகைப் பணம் வரும்வரைதான். 2024 ஏப்ரலில் பின்லாந்து அரசு தன் பொது வாடகை உதவியைக் குறைத்தது. ஏற்கத்தக்க செலவில் 80 சதவீதம்வரை தந்தது 70 ஆனது. காரணம் அது ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பல ஆண்டுகளாக இறங்கிக்கொண்டிருந்த வீடற்றோர் எண்ணிக்கை அந்த ஆண்டு சுமார் 3,400இலிருந்து 3,800க்கு ஏறியது. ஆலோசகர்கள் அப்போதும் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள்.