வந்த மெட்டும் நின்ற வாத்தியமும்: தஞ்சைக்கு மேலை இசை வந்த வரலாறு, பிரேசிலின் ஷோரோவோடு ஓர் ஒப்பீடு

1798இல் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி அரியணை ஏறினார். பத்தாண்டு கழித்து, நெப்போலியனின் படைக்குத் தப்பிய போர்ச்சுகல் அரச குடும்பம் கப்பலேறி, ரியோ டி ஜெனிரோவில் போய் இறங்கியது. இந்த இரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் இரு ஊர்களிலும் அரசவையை ஒட்டியே ஐரோப்பிய வாத்தியங்களும், இசைத்தாள்களும், பேண்டு வாசிப்பும் வேர்பிடித்தன. அடுத்த நூறாண்டில் ரியோவில் ஷோரோ என்ற புதிய இசை வகை எழுந்தது. காவிரிப் படுகையில் வயலின் கச்சேரி மேடைக்கும் கிளாரினெட் சதிர் மேளத்துக்கும் வந்தன. நோட்டுஸ்வரம் என்ற சிறு உருப்படி வகையும் தோன்றியது. வந்து சேர்ந்த பொருள்கள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் விளைவு ஏன் இப்படி வேறுபட்டது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரியோ, வந்த மெட்டை வைத்துக்கொண்டு அதன் தாள நடையை மாற்றியது. தஞ்சை மெட்டை ஓரமாக வைத்துவிட்டு வாத்தியத்தை எடுத்துக்கொண்டது. இந்தத் தேர்வை இரண்டு இடங்களிலும் செய்தவர்கள் வாசிப்பைப் பிழைப்பாகக் கொண்ட கலைஞர்களே. நம் இசை வரலாறு மன்னர்களையும் சாகித்யகர்த்தாக்களையும் பேசிய அளவுக்கு இவர்களைப் பேசவில்லை.

ரியோவிலிருந்து தொடங்குவோம். 1845இல் போல்கா நடனம் அந்நகர மேடையில் அறிமுகமாகி, சில ஆண்டுகளில் வீட்டுக் கூடங்களை நிறைத்தது. வால்ட்ஸ், ஷாட்டிஷ் போன்ற பிற நடன மெட்டுகளும் உடன் வந்தன. காப்பித் தோட்டங்களின் பணம் நகரில் புரண்ட காலம் அது. வசதியான வீடுகள் பியானோ வாங்கின. ஆனால் ஷோரோ பிறந்தது பியானோ இருந்த கூடங்களில் மட்டும் அன்று. புல்லாங்குழல், நான்கு தந்தி கொண்ட சிறிய கவாக்கின்யோ, கிதார் ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு கலப்பினத்தவரும், அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்களின் பிள்ளைகளும், அஞ்சல், சுங்கம் போன்ற அரசு அலுவலகங்களின் கடைநிலை ஊழியர்களும் மாலை வேளைகளில் கூடி வாசித்தார்கள். ஆப்பிரிக்க வேர் கொண்ட லுண்டு ஆட்டத்தின் தாள நடை அவர்கள் கையில் ஊறியிருந்தது. போல்காவின் நேரான இரண்டு தட்டு அவர்கள் வாசிப்பில் தள்ளி விழுந்தது, இடையில் எடுப்பு மாறியது. புல்லாங்குழல் கலைஞர் ஜோவாக்கிம் கல்லாடோ (1848–1880) 1870 வாக்கில் அமைத்த குழுவையே பலரும் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அவரோடு பழகி வளர்ந்த ஷிக்கின்யா கொன்சாகா (1847–1935) என்ற பெண், பியானோவை அந்தக் கூட்டத்துக்குள் கொண்டுவந்தார். ஒரு பெண் வாத்தியக் குழுவை நடத்துவது அரிதாக இருந்த நாட்டில் நடத்தியும் காட்டினார்.

பேண்டின் பங்கை இங்கே மறக்கக்கூடாது. விடுதலை பெற்ற அடிமைப் பெண் ஒருவரின் மகனான அனக்லேத்தோ தெ மெதெய்ரோஸ் (1866–1907), 1896இல் ரியோ தீயணைப்புப் படையின் பேண்டை அமைத்தார். ஷோரோ வாசித்த பலருக்கு இத்தகைய சீருடைப் பேண்டுகளே பள்ளிக்கூடமாகவும் மாதச் சம்பளமாகவும் இருந்தன. பகலில் அணிவகுப்பு, இரவில் ஷோரோ. அடுத்த தலைமுறையில் பிக்சிங்கின்யா (1897–1973) வந்து அந்த இசைக்கு முழு உருவம் கொடுத்தார்.

இனி தஞ்சை. சரபோஜி (1777–1832) சிறுவயதில் ஜெர்மானியப் பாதிரியார் ஸ்வார்ட்ஸின் மேற்பார்வையில் வளர்ந்தவர். 1799 உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகம் கும்பினியிடம் போயிற்று. மன்னருக்குத் தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மிஞ்சின. அந்த ஐந்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், வெண்ணாற்றிலும் குடமுருட்டியிலும் தண்ணீர் ஏறி நடவு நடந்த வயல்களிலிருந்துதான். ரியோவின் பியானோவுக்குக் காப்பி பணம் கொடுத்ததுபோல, தஞ்சை அரண்மனைப் பேண்டுக்கு நெல் பணம் கொடுத்தது. ஆட்சிப்பொறுப்பு போன மன்னர் நூலகத்திலும், மருத்துவத்திலும், இசையிலும் தன் காலத்தைச் செலவிட்டார். மேலை இசைத்தாள்கள் சரசுவதி மகாலில் சேர்ந்தன. நம் மெட்டுகளை மேலை இசைக் குறியீட்டில் எழுதி பேண்டுக்கு ஏற்றும் முயற்சியும் அரண்மனையில் நடந்தது. இந்த முயற்சி தொடர்ந்திருந்தால் தஞ்சையிலும் ஷோரோ போன்ற ஒன்று பிறந்திருக்கக்கூடும் என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனால் 1855இல் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் தஞ்சை அரசே முடிவுக்கு வந்தது. அரண்மனையை நம்பியிருந்த கலைஞர்களில் பலர் சென்னைக்கும், திருவாங்கூர், மைசூர் போன்ற அரசவைகளுக்கும் நகர்ந்தார்கள்.

தஞ்சை அரண்மனைக்கு வெளியிலும் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்தபோது, அக்குடும்பத்தார் அவர்களைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப்போய் பேண்டு கேட்க வைத்தார்கள். தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். அண்ணன், கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகள் எழுதினார். அவையே நோட்டுஸ்வரங்கள், ஏறக்குறைய நாற்பது இன்று கிடைக்கின்றன. எல்லாம் சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை. ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டு. ‘வந்தே மீனாக்ஷி’ ஓர் அயர்லாந்து ஆட்ட மெட்டு.

கல்லாடோவின் கூட்டாளிகள் போல்காவைக் கேட்டதும் தீட்சிதர் கோட்டை பேண்டைக் கேட்டதும் ஏறத்தாழ ஒரே அனுபவம். அதற்குப் பின்னால் நடந்ததில்தான் வேறுபாடு. தீட்சிதர் அந்த மெட்டுகளைக் கமகம் சேர்க்காமல், நேர் சுரங்களாகவே விட்டுவைத்தார். நவாவரணக் கிருதிகளில் ஒரே சுரத்தை நூறு விதமாக அசைத்தவருக்கு இந்த மெட்டுகளை அசைக்கத் தெரியாதா? தெரிந்தும் அசைக்காமல் விட்டதை அந்த மெட்டுகளுக்கு அவர் காட்டிய மரியாதையாகவே நான் படிக்கிறேன். ஆனால் அந்த மரியாதையே அவற்றை மரபின் விளிம்பில் நிறுத்திவிட்டது. தீட்சிதர் குடும்பத்து வாரிசான சுப்பராம தீட்சிதர் 1905இல் வெளியிட்ட ஆரம்பப் பாட நூலில் நோட்டுஸ்வரங்கள் இடம்பெற்றன. இன்றும் பெரும்பாலும் குழந்தைகள்தான் அவற்றைப் பாடுகிறார்கள்.

வாத்தியத்துக்கு நேர்ந்தது வேறு. வயலினின் தண்டில், வீணையில் உள்ளதுபோல் விரலைத் தடுக்கும் மெட்டுப் படிகள் கிடையாது. விரல் எங்கும் வழுக்கலாம், வில் மூச்சு விடாமல் ஓடலாம். கமகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வயலின் நாற்காலியை விட்டுத் தரையில் இறங்கி, தலைப்பகுதியைக் கலைஞரின் கணுக்காலில் ஊன்றி, சுருதியை மாற்றிக்கொண்டது. அத்தோடு அதன் ஊர் எது என்பதை எல்லோரும் மறந்தார்கள். பியானோவுக்கு அந்த வழி திறக்கவில்லை. ஹார்மோனியம் நாடகக் கம்பெனிகளில் கோலோச்சியும், சுரத்தை அசைக்க முடியாத குறையோடு பார்க்கப்பட்டு, 1940இல் அகில இந்திய வானொலியிலிருந்தே விலக்கப்பட்டது.

வயலினை முதலில் கர்நாடக இசைக்கு இழுத்தவர் யார் என்பதில் மூன்று பெயர்கள் சொல்லப்படுகின்றன: பாலுசுவாமி தீட்சிதர், சரபோஜியின் அவையில் இருந்த வராகப்பையர், தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு. வடிவேலு ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் வயலின் கற்றார் என்று சில நூல்கள் எழுதிவருகின்றன. ஸ்வார்ட்ஸ் இறந்தது 1798இல். வடிவேலு பிறந்தது 1810இல். இந்தக் கூற்றை இனி யாரும் திருப்பி எழுத வேண்டியதில்லை. மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதால் பெரிய பயன் இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. ஒரே தலைமுறையில், ஒன்றுக்கொன்று தெரிந்த வீடுகளில், பல கைகள் அந்த வாத்தியத்தைத் தொட்டிருக்கின்றன. நட்டுவனார் குடும்பத்தில் பிறந்த வடிவேலு தீட்சிதரிடமே பாடம் கேட்டவர். திருவாங்கூரில் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்கு யானைத்தந்த வயலினைப் பரிசளித்தார். அந்தப் பரிசை நட்டுவாங்கத் தொழிலுக்கும் அரசவைக்கும் இடையே எழுந்த அங்கீகாரமாகவும் பார்க்க வேண்டும். அடுத்த நூறாண்டில் திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர் (1857–1913), கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை (1898–1970) எனக் காவிரிக்கரை ஊர்ப் பெயர்கள் வயலினோடு ஒட்டிக்கொண்டன.

கிளாரினெட்டின் கதைதான் ஷோரோவுக்கு மிக நெருக்கமானது. அதிகம் பேசப்படாததும் அதுவே. 1860 வாக்கில் மகாதேவ நட்டுவனார் அதைச் சின்னமேளத்தில் சேர்த்தார் என்று இசை வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. சின்னமேளம் என்பது சதிர் ஆடும் பெண்ணுக்குப் பின்னால் நின்று வாசிக்கும் குழு: தாளத்தோடு நட்டுவனார், இடுப்பில் கட்டிய மிருதங்கம், சுருதிக்குத் துத்தி, பாட்டைத் தொடர முகவீணை. முகவீணை சிறிய நாகசுரம் போன்றது. எட்டும் ஒலி குறைவு. அதன் இடத்தில் கிளாரினெட் வந்தது. துளையைப் பாதி மூடியும், உதட்டின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தும், மரத்தில் செய்த அந்த ஐரோப்பியக் குழலில் தோடியையும் பைரவியையும் வரவழைத்தார்கள். ஆடுகிறவர் முன்னே நகர, குழு பின்னே நகரும். பேண்டு வாத்தியம் நடந்தபடி வாசிக்கப் பழகியதே. சதிருக்கு அது எளிதாகப் பொருந்தியதில் வியப்பில்லை.

சபை வித்வான்கள் வயலினை ஏற்ற அதே காலகட்டத்தில், நட்டுவனார்கள் கிளாரினெட்டை ஏற்றார்கள். முதல் ஏற்பு பெருமையாகப் பதிவாயிற்று. இரண்டாவது, ஆடியவர்களின் சமூக நிலையோடு சேர்ந்து இழிவுக்குள்ளானது. தேவதாசி எதிர்ப்பு இயக்கம் வலுத்து 1947இல் சென்னை மாகாணச் சட்டம் வந்தபோது, சின்னமேளம் வாழ இடமில்லாமல் போயிற்று. பரதநாட்டியம் என்ற பெயரில் ஆட்டம் புதிய மேடைக்கு ஏறியபோது, குழு பின்புறத்திலிருந்து பக்கவாட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தது. கிளாரினெட்டின் இடத்தைப் புல்லாங்குழலும் வயலினும் எடுத்துக்கொண்டன. தஞ்சை அரசவைக் கலைஞர் மரபில் வந்த பாலசரஸ்வதி (1918–1984) மட்டும் தன் குழுவில் கிளாரினெட்டை விடவில்லை. அதை ஒரு பிடிவாதமாக எழுதிவிடுவது எளிது. அந்த ஒலியோடு வளர்ந்த உடலுக்கு அந்த ஒலி இல்லாமல் அபிநயம் முழுமையாகாது என்பதைப் புரிந்துகொள்ள, அவரது குழுவின் ஒலிப்பதிவுகளைக் கேட்க வேண்டும். திருச்சியின் ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டைத் தனிக் கச்சேரி வாத்தியமாக நிறுத்திக் காட்டியது பிற்காலத்து வெற்றி.

ஆக, ரியோவில் மெட்டோடு வந்த ஒத்திசையும், அதாவது பல சுரங்கள் ஒருசேர ஒலிப்பதும், நிலைத்தது. கிதாரின் கீழ்த் தந்திகளில் ஓடும் எதிர்மெட்டு ஷோரோவின் உயிர்நாடி. அதற்காகவே கிதாருக்கு ஏழாவது தந்தி சேர்ந்தது. தஞ்சையில் ஒத்திசை அரண்மனை இசைத்தாள்களோடு நின்றுவிட்டது. காரணத்தைத் திறமையில் தேடுவது பிழை. ரியோவின் கலைஞர்கள், பழைய இலக்கணம் ஒன்று முழுமையாகக் கையில் இல்லாத புதிய நகர்ப்புற வர்க்கம். நிலத்திலிருந்தும் மொழியிலிருந்தும் பிடுங்கப்பட்ட மக்களின் சந்ததியான அவர்களிடம் தாளம் மிஞ்சியிருந்தது. வந்த மெட்டில் அதை ஏற்றினார்கள். காவிரிப் படுகையில் ராக, தாள இலக்கணம் கோயில் முறைகளிலும், மானிய நிலங்களிலும், பரம்பரைப் பாடங்களிலும் இறுகப் பிணைந்திருந்தது. மேளகர்த்தா ஒழுங்கில் பயின்ற செவிக்கு ஐரோப்பிய மெட்டு ஒரு சுவையான வருகை மட்டுமே. செவிக்குத் தேவைப்பட்டது இன்னும் நீளமாக, இன்னும் உரக்க ஒலிக்கும் குரல். அதை வயலினும் கிளாரினெட்டும் கொடுத்தன.

மெட்டு முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877–1945) அமைத்து மதுரை மணி ஐயர் (1912–1968) பரப்பிய ‘இங்கிலீஷ் நோட்’ கச்சேரி முடிவில் கேட்டு மக்கள் மகிழ்ந்தது. நாகசுரக்காரர்களும் அதை எடுத்து வாசித்தார்கள். அங்கே ஒருகணம் பேண்டும் மேளமும் ஒன்றாகின்றன.

ஷோரோவுக்கு ஒரு நல்ல பேறு வாய்த்தது. அலெஷாந்த்ரே கொன்சால்வெஸ் பிந்தோ என்ற தபால்காரர், தான் அறிந்த நூற்றுக்கணக்கான ஷோரோ கலைஞர்களைப் பற்றி 1936இல் ஒரு நூல் எழுதினார். யார் எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தார், எந்த வீட்டில் வாசித்தார், எந்த வீட்டில் சாப்பாடு நன்றாக இருந்தது என்பது வரை அதில் உண்டு. பிரேசில் அரசு 2024இல் ஷோரோவைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவிப்பதற்கு முன்பே, அந்தத் தபால்காரர் அவர்களுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். நமக்கு இதற்கு நெருக்கமாக வருபவை, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மகன் பி.எம். சுந்தரம் எழுதியவை: நாகசுர, தவில் கலைஞர்களைப் பற்றிய ‘மங்கல இசை மன்னர்கள்’, தேவதாசிகளைப் பற்றியும் நட்டுவனார்களைப் பற்றியும் தொகுத்த நூல்கள்.

அடுத்துத் தேட வேண்டியவர்கள் பேண்டு வாசித்தவர்கள். தஞ்சை மராட்டியர் மோடி எழுத்தில் விட்டுச்சென்ற அரண்மனைக் கணக்குகளில் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. பெரும்பகுதி இன்னும் கட்டுகளாகவே கிடக்கிறது. யாருக்கு எவ்வளவு சம்பளம், எந்த வாத்தியத்துக்கு எப்போது பழுது பார்த்தார்கள், யாருக்குச் சீருடை கொடுத்தார்கள் என்ற செலவுக் குறிப்புகளை வரிசைப்படுத்தி, அவற்றைத் தேவாலயப் பதிவேடுகளோடும் நட்டுவனார் குடும்பங்களின் வழிவழிச் செய்திகளோடும் ஒப்பிட்டால், சரபோஜியின் பேண்டிலிருந்து மகாதேவ நட்டுவனாரின் கிளாரினெட் வரையிலான அறுபது ஆண்டு இடைவெளியில் எந்தக் கை எந்தக் கைக்குக் குழலைக் கொடுத்தது என்பதைக் கண்டறிய வழி உண்டு.