டீசல் கார் இழுக்கலையா? டர்போவை மாத்துறதுக்கு முன்னாடி இதை கவனிங்க!

திருச்சி அரியமங்கலம் தாண்டி தஞ்சாவூர் ரோட்டில் லாரியை ஓவர்டேக் பண்ண ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீங்க. கார் இழுக்கவே இல்லை. உடனே 'டர்போ போச்சு'ன்னு முடிவு கட்ட வேண்டாம்.

டர்போ என்றால் என்ன?
வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி. நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும்.

கரும்புகை, 'உஸ்' சத்தம்
காற்று போதவில்லை என்று அர்த்தம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். முதலில் இவற்றைப் பாருங்க. செலவு குறைவு.

நீலப்புகை
ஆயில் எரிகிறது. டர்போ சீல் காரணமாக இருக்கலாம், பிஸ்டன் ரிங் தேய்மானமாகவும் இருக்கலாம். ஹோஸைக் கழற்றி டர்போ ஷாஃப்ட்டை அசைத்துப் பார்க்கச் சொல்லுங்க. லேசான ஆட்டம் இயல்பு. விசிறி சுவரில் உரசினால் டர்போ காலி.

சைரன் மாதிரி சத்தம்
பேரிங் தேய்ந்திருக்கலாம். வண்டியை ஓட்டாதீங்க. ஆயில் அதிகமாக உள்ளே கசிந்தால், சாவியை ஆஃப் செய்தாலும் இன்ஜின் நிற்காமல் வேகமெடுக்கும் ஆபத்து உண்டு.

பழைய கார் வாங்குறீங்களா?
பிஎஸ்-6 விதி வந்த 2020 ஏப்ரலில் மாருதி டீசல் கார்களை நிறுத்தியது. அதனால் சந்தையில் உள்ள டீசல் ஸ்விஃப்ட், டிசையர் எல்லாமே பழசுதான். மெக்கானிக்கை வைத்து இதே சோதனைகளைச் செய்த பிறகு விலை பேசுங்க.

டர்போவை மாற்றியே ஆகணும் என்றால், பழையது ஏன் போச்சுன்னு கேளுங்க. ஆயில் வரும் குழாய் அடைத்திருந்தால், புது டர்போவும் சீக்கிரமே போயிடும்.