ஒரு கப்பல், ரெண்டு சமோவா: 1918 ஃப்ளூ சொல்லும் கதை

இந்த எபிசோடை என்னோட ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரு ரிலீஸ் வாரம். எனக்குக் காய்ச்சல், இருமல், உடம்பு முழுக்க வலி. வீட்டிலிருந்தே வேலை பார்த்திருக்கலாம். ஆனா "ரிலீஸ் முடியட்டும், அப்புறம் ரெஸ்ட் எடுத்துக்கலாம்"னு ஒரு பாராசிட்டமால் போட்டுக்கிட்டு ஆபீஸ் போயிட்டேன். அடுத்த வாரம் டீமில் பாதிப் பேர் லீவு. அதில் ஒரு நண்பனோட அம்மாவுக்கு ஃப்ளூ நிமோனியாவாக மாறி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நல்லபடியா வீடு திரும்பிட்டார். அது என்கிட்டேயிருந்துதான் போச்சுன்னு நிரூபிக்க முடியாது. இல்லைன்னும் என்னால சொல்ல முடியலை.

அதுக்கப்புறம்தான் ஃப்ளூவோட வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அப்படிக் கிடைச்ச ஒரு கதைதான் இன்னைக்கு.

இடம், தென் பசிபிக் கடலில் இருக்கிற சமோவா தீவுகள். 1899-இல் ஜெர்மனியும் அமெரிக்காவும் இந்தத் தீவுகளைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன. முதல் உலகப் போர் தொடங்கியதும், 1914-இல் ஜெர்மனியின் பங்கை நியூசிலாந்துப் படை பிடித்துக்கொண்டது. ஆக, 1918-இல் ரெண்டு சமோவா இருந்தது. மேற்கே நியூசிலாந்து ஆட்சி, தலைநகர் அபியா, மக்கள் தொகை சுமார் 38,000. கிழக்கே அமெரிக்கக் கடற்படையின் ஆட்சி, துறைமுகம் பாகோ பாகோ, மக்கள் தொகை சுமார் 8,000. அபியாவிலிருந்து பாகோ பாகோ, சென்னை - பாண்டிச்சேரி தூரம்கூட கிடையாது. ரெண்டு பக்கமும் ஒரே மொழி, ஒரே பழக்கவழக்கம். பல குடும்பங்களுக்கு ரெண்டு பக்கமும் சொந்தக்காரங்க.

அந்த வருஷம் உலகம் முழுக்க ஃப்ளூ பரவிக்கிட்டு இருந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் இறந்திருப்பார்கள் என்று பெரும்பாலான மதிப்பீடுகள் சொல்கின்றன. இது ஒரு வைரஸ்னே அப்போ யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு பாக்டீரியான்னு பல மருத்துவர்கள் நம்பினாங்க. மனிதர்களைத் தாக்கும் ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933-இல்தான். தடுப்பூசி இல்லை, ஆன்டிபயாட்டிக் இல்லை, வென்டிலேட்டர் இல்லை. ரெண்டு சமோவாவிலும் இதே நிலைமைதான்.

1918 அக்டோபர் 30. நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து 'தலூன்' என்ற கப்பல் கிளம்பியது. ஆக்லாந்தில் ஏற்கெனவே காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. ஆனால் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் ஃப்ளூ அப்போது இல்லை. அதனால் கப்பலை யாரும் நிறுத்தவில்லை. வழியில் ஃபிஜியில் அதைத் தனிமைப்படுத்தினார்கள். நவம்பர் 7 அன்று அதே கப்பல் அபியா வந்து சேர்ந்தது. கப்பலில் நோயாளிகள் இருந்தார்கள். ஆனாலும் அங்கே எந்தத் தடையும் இல்லை. எல்லோரும் இறங்கி ஊருக்குள் போனார்கள்.

ஒரே வாரத்தில் அந்தத் தீவு முழுக்கக் காய்ச்சல் பரவியது. அப்புறம் பக்கத்துத் தீவுக்கும் போனது. சில வாரங்களில் சுமார் 8,500 பேர் இறந்துபோனார்கள். மக்கள் தொகையில் 22 சதவீதம். ஒரு தெருவில் இருக்கிற அஞ்சு பேரில் ஒருத்தர் இல்லாமப் போறதை யோசிச்சுப் பாருங்க. குழந்தைகளைவிட வயசுக்கு வந்தவங்கதான் அதிகம் இறந்தாங்க, அதிலும் ஆண்கள் அதிகம். தோட்டத்திலிருந்து கிழங்கு பறிச்சு வர, சமைக்க, தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. காய்ச்சலிலிருந்து பிழைத்தவங்களையும் பசி வாட்டியது. லாரிகளில் உடல்களைச் சேகரித்து ஒரே குழியில் புதைத்தார்கள்.

இப்போ கிழக்குப் பக்கம் வருவோம். அமெரிக்க சமோவாவின் ஆளுநர் ஜான் பாயர், கடற்படை அதிகாரி. நோய் பரவும் செய்தி அவருக்கு ரேடியோ வழியாக வந்தது. உடனே தீவைப் பூட்டினார். வருகிற கப்பலில் இருந்து யாரும் நேராக ஊருக்குள் போக முடியாது. சந்தேகம் இருந்தால் தனியாக வைத்துக் கண்காணிப்பு. பெரிய துறைமுகத்தை அடைப்பது சுலபம். ஆனால் சின்னப் படகில் எந்தக் கடற்கரையிலும் இறங்கலாமே? அதுக்கு அவர் ஊர்த் தலைவர்களிடம் பேசினார். கிராமத்து மக்களே கரையோரம் காவல் நின்றார்கள்.

காவல் நின்றவங்க திருப்பி அனுப்பியது யாரை? மேற்கிலிருந்து படகில் வந்த சொந்தக்காரங்களை. அந்தப் பக்கம் அண்ணனோ அத்தையோ செத்துக்கிட்டு இருக்கலாம், இந்தப் பக்கம் நின்று "இறங்காதே"ன்னு சொல்லணும்.

முடிவு? அமெரிக்க சமோவாவில் ஃப்ளூவால் ஒருத்தர்கூட இறக்கவில்லை. கட்டுப்பாடு 1920 வரை நீடித்தது.

மேற்கு சமோவாவின் நியூசிலாந்து நிர்வாகி ராபர்ட் லோகன். அவருக்கு பாகோ பாகோவிலிருந்து மருத்துவ உதவி கிடைக்கிற வாய்ப்பு இருந்தது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை. தன் பக்கமிருந்து போன தபால் படகுக்குக் கிழக்கே தடை போட்டதில் அவருக்குக் கோபம். ரேடியோ தொடர்பையே துண்டித்துவிட்டார்.

"அப்போ அமெரிக்காகாரங்க நிர்வாகம் சூப்பர்"னு முடிச்சுடாதீங்க. அதே அமெரிக்காவில் அந்த ஃப்ளூவுக்குச் சுமார் 6,75,000 பேர் பலியானார்கள். ஃபிலடெல்ஃபியாவில் நோய் பரவும்போதே செப்டம்பர் 28 அன்று பெரிய ஊர்வலம் நடத்தி, அதற்கான விலையைக் கொடுத்தார்கள். ஆக, எந்த நாட்டுக் கொடி பறந்தது என்பது காரணம் இல்லை. வந்த தகவலை நம்பி, வாசலிலேயே நிறுத்த ஒருத்தர் தயாரா இருந்தாரா, ஊரும் அவர்கூட நின்றதா, அதுதான் வித்தியாசம்.

வாசலிலேயே ஏன்? ஃப்ளூவில் கிருமி உடம்புக்குள் போய் அறிகுறி தெரிய ஒன்றிலிருந்து நாலு நாள் ஆகும். அறிகுறி தெரியும் முன்னாடி நாளே அது அடுத்தவருக்குப் பரவ ஆரம்பிக்கலாம். அதனால "ஆள் நல்லாத்தானே இருக்கார்"னு பார்த்து உள்ளே விடுற செக், பாதி பக்கைத் தவறவிடும். காத்திருக்க வைக்கிறது ஒண்ணுதான் வழி.

ஆனா இதை எல்லா ஊருக்கும் காப்பி பேஸ்ட் பண்ண முடியாது. 8,000 பேர் இருக்கிற தீவைப் பூட்டலாம், சென்னையைப் பூட்டிக்கிட்டே இருக்க முடியாது. நல்லவேளை, பாயருக்கு இல்லாத சில விஷயங்கள் நம்மகிட்ட இருக்கு. 1952-லிருந்து உலக சுகாதார அமைப்பு பல நாட்டு ஆய்வகங்களை இணைத்து வைரஸைக் கண்காணிக்கிறது. வைரஸ் மாறிக்கிட்டே இருப்பதால், தடுப்பூசியில் எந்த வகைகள் இருக்கணும்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை பரிந்துரைக்கிறாங்க. அதனாலதான் அந்த ஊசியை வருஷா வருஷம் போடணும். வயசானவங்க, கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா இருக்கிறவங்க வீட்டில் இருந்தா, மழைக்காலத்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேளுங்க.

சமோவா இதை மறக்கவில்லை. நியூசிலாந்து ஆட்சி மேல வந்த அந்தக் கோபம், பிறகு 'மாவ்' என்ற சுதந்திர இயக்கத்துக்கு உரமானது. 1962-இல் மேற்கு சமோவா விடுதலை பெற்றது. 2002-இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க், அந்தக் கப்பலை அனுமதித்ததற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

நம்பிக்கை உடைஞ்சா என்ன ஆகும்னு அதே நாடு திரும்பவும் பார்த்தது. 2018-இல் தடுப்பூசி மருந்தைத் தவறாகக் கலந்ததில் ரெண்டு குழந்தைகள் இறந்தன. மக்கள் ஊசிக்கே பயந்தார்கள். அடுத்த வருஷம் தட்டம்மை பரவி 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். 2019 டிசம்பரில் அரசு ரெண்டு நாள் நாட்டையே நிறுத்தியது. ஊசி போடாதவங்க இருக்கிற வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னது. மருத்துவக் குழுக்கள் அந்தத் துணியைப் பார்த்து வீடு வீடாகப் போனார்கள்.

நான் தலூன் கப்பல் மாதிரி ஆபீஸ் லிஃப்ட்டில் ஏறினவன். என்னை வாசலில் நிறுத்த யாரும் இல்லை, நானும் நிக்கலை. இப்போ காய்ச்சல் வந்தா டீம் குரூப்பில் ஒரு வரி போடுறேன்: "ஃப்ளூ மாதிரி இருக்கு, இந்த வாரம் வரலை." நீங்க டீம் லீடா இருந்தா, அந்த மெசேஜுக்கு "கால் மட்டும் அட்டெண்ட் பண்ணிடு"ன்னு பதில் போடாதீங்க. "ரெஸ்ட் எடு"ன்னு போடுங்க, ரிலீஸை ரெண்டு நாள் தள்ளி வைங்க.

போன மாசம் அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போய் ஃப்ளூ ஊசி போட்டுட்டு வந்தேன். கிளம்பும் முன்னாடி என் நண்பனுக்கும் போன் பண்ணினேன். அவனும் அவன் அம்மாவோட வந்தான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உடம்பைப் பார்த்துக்கோங்க.