பஞ்சுத் தூசியும் பாதுகாப்புக் குழுவும்: கொங்கு ஆலைகளின் மறுபக்க வரலாறு

கோவையின் தொழில் வரலாறு நம்மிடையே பெரும்பாலும் நிறுவனர்களின் வரலாறாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய பஞ்சாலை, 1910-இல் எழுந்த லட்சுமி மில், 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பின் ஊருக்கு ஊர் முளைத்த நூற்பாலைகள் என்று அந்தக் கதை நீளும். அது பொய்யான கதை அன்று, பாதிக் கதை. அதே ஆலைகளுக்குள் விரல்களும் நுரையீரல்களும் என்னவாயின என்பது மறுபாதி. அதை எழுத முற்படுவோருக்குக் கிடைப்பவை சட்டப் பிரிவுகளும் இழப்பீட்டு அட்டவணைகளும் ஓரிரு நாவல்களும்தாம்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். 'விபத்து' என்னும் சொல் வடமொழி 'விபத்'திலிருந்து வந்தது. கேடு, ஆபத்து என்று பொருள்படும். வழக்கில் அதற்கு விதியின் சாயல் ஏறிவிட்டது. பட்டைக்குள் கை போனவனைப் பற்றி 'நேரஞ் சரியில்ல' என்கிறோம். பட்டைக்கு மறைப்பு இருந்ததா என்று கேட்பதில்லை. தொழிலகப் பாதுகாப்பின் வரலாறு என்பது, 'நேரம்' என்ற விடையிலிருந்து 'மறைப்பு எங்கே' என்ற கேள்விக்கு மனிதர்கள் வந்துசேர்ந்த வரலாறுதான்.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. லங்காஷயர் முதலாளிகளுக்குப் பம்பாய் ஆலைகளின் மலிவான போட்டி உறுத்தியதும் அதற்கு ஒரு காரணம். கருணை மட்டும் சட்டம் செய்ததில்லை. அச்சட்டம் நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளை மட்டுமே தொட்டது. ஏழு வயதுக் குழந்தை ஒன்பது மணி நேரம் உழைக்கலாம் என்றது. ஆனால் ஆபத்தான இயந்திரங்களுக்கு வேலியிட வேண்டும் என்ற வரி அதிலேயே இருந்தது. 1891-இல் வரம்பு ஐம்பது பேராகவும் 1922-இல் இருபது பேராகவும் குறைந்தது. 1934-இல் வாரத்துக்கு 54 மணி நேரம் என்றிருந்தது, 1946-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 48 ஆயிற்று. மின்விசையுடன் பத்துப் பேர் வேலை செய்தாலே அது தொழிற்சாலை என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆயிற்று. ஒவ்வொரு திருத்தத்திலும் சட்டத்தின் வலைக்கண் சிறுத்துக்கொண்டே வந்ததைக் கவனிக்க வேண்டும். இக்கட்டுரையின் இறுதியில் அந்தக் கண் மீண்டும் அகன்றதைப் பார்க்கப்போகிறோம்.

இடையே 1923-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையைப் படிப்பது ஒரு விசித்திர அனுபவம். பின்னாளில் திருத்தப்பட்ட வடிவத்தில் பெருவிரல் முழுதும் போனால் 30 விழுக்காடு, ஆட்காட்டி விரல் முழுதும் போனால் 14 விழுக்காடு. உடலை இவ்வளவு நுட்பமாகக் கூறிட்டு விலை எழுதிய நூல் வேறில்லை. ஆயினும் அந்தச் சட்டத்தை இகழ்வதற்கில்லை. இழப்புக்கு விலை வந்த பிறகே, இழப்பைத் தடுப்பது மலிவு என்ற கணக்கு முதலாளிக்குப் புரியத் தொடங்கியது.

ஆனால் விரல் போனால் எல்லோருக்கும் தெரியும்; நுரையீரல் போனால் தெரியாது. பஞ்சாலையின் உண்மையான எதிரி தூசிதான். பேல் உடைக்கும் இடத்திலும் புளோரூமிலும் கார்டிங்கிலும் மிதக்கும் அந்தத் துகள் மூச்சுக்குழலைச் சுருக்கும். வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியதும் மார்பு இறுகும். செவ்வாய், புதனில் தளரும். ஆண்டுகள் போகப் போக எல்லா நாளும் திங்களாகிவிடும். மருத்துவத்தில் இதற்குப் 'பிசினோசிஸ்' என்று பெயர். 1950-களில் இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஷில்லிங், இந்தத் திங்கட்கிழமைக் குறியை வைத்தே நோயைப் படிநிலைகளாக வகுத்தார். கருவி எதுவும் காட்டுமுன் தொழிலாளியின் சொல்லே நோயைக் காட்டியது. 1700-இல் இத்தாலியின் ராமஸ்ஸினி, நோயாளியிடம் மருத்துவர் கேட்கவேண்டிய கேள்விகளோடு 'என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்க்கச் சொன்னதன் பொருள் இதுவே.

நம் பக்கத்தில் தூசிக்கு மருந்து வெல்லம். தொண்டையில் ஒட்டிய பஞ்சை அது இறக்கிவிடும் என்ற நம்பிக்கை ஆலைதோறும் உண்டு. தூசி எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொன்னது. பஞ்சை அழுத்திக் கட்டும் இடத்தில் பஞ்சு உடைக்கும் இயந்திரம் ஓடும்போது பெண்களும் குழந்தைகளும் அங்கே வேலை செய்யக் கூடாது என்று 27-ஆம் பிரிவு சொன்னது. 1955-இல் கோவைக்கு இ.எஸ்.ஐ. வந்தது, 1956-இல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான 'சிட்ரா' தொடங்கப்பட்டது. சட்டம், மருத்துவமனை, ஆய்வுக்கூடம் மூன்றும் ஒரே நகரில் இருந்தன. ஆயினும் மருத்துவரிடம் போனவருக்கு ஆஸ்துமா என்றோ பீடி இருமல் என்றோ சீட்டு எழுதப்படுவது எளிது. தொழிலைக் கேட்காத மருத்துவத்தில் தொழில்நோய்க்கு இடமில்லை.

ஆலையிலிருந்து சற்று மேலே ஏறினால் வால்பாறை. அங்கே தோட்ட மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் எழுதிய 'ரெட் டீ' 1969-இல் வெளிவந்தது, இரா.முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று 2007-இல் தமிழாக்கினார். மலேரியாவிலும் குளிரிலும் மடிந்த தோட்டத் தொழிலாளர்களை அந்நாவல் காட்டுகிறது. நமக்கு முக்கியமானது வேறொன்று. மருந்து கொடுத்து மாளாது, குடியிருப்பும் குடிநீரும் கங்காணியின் பிடியும் மாறினாலன்றி நோய் மாறாது என்று கண்ட மருத்துவர், தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டும் வேலைக்கு வந்தார். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், கழிப்பிடம், மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது.

அடுத்த பாடம் போபாலில் கிடைத்தது. 1984 டிசம்பர் 2-3 இரவுக்கு முன்பே எச்சரிக்கைகள் இருந்தன. 1981-இல் அதே ஆலையில் நச்சுவாயு தாக்கித் தொழிலாளி ஒருவர் இறந்தார். 1982-இல் ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் வரப்போவதை எழுதினார். கேட்பதற்கு எவரும் இல்லை. அதன் பிறகுதான் 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் புதிய அத்தியாயம் சேர்ந்தது. ஆபத்தான செய்முறைகள் உள்ள ஆலைகளில் நிர்வாகமும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது 41ஜி பிரிவு. பேரழிவு நேர்ந்த பிறகு, தொழிலாளியின் சொல்லுக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது.

நல்ல பாதுகாப்புத் திட்டம் எது என்பதற்கு இந்த வரலாறே விடை வைத்திருக்கிறது. ஆபத்தை இடத்திலேயே ஒழிப்பது முதலில். முடியாவிட்டால் மறைப்பு, உறிஞ்சுகுழாய் போன்ற பொறியியல் ஏற்பாடு. பிறகு பயிற்சியும் வேலைமுறை மாற்றமும். முகமூடியும் கையுறையும் கடைசியில். நம் ஆலைகளில் இவ்வரிசை தலைகீழாக இருக்கிறது. முகமூடியில் தொடங்கி முகமூடியிலேயே முடிகிறது. தேசியப் பாதுகாப்புக் கழகம் தோன்றிய 1966 மார்ச் 4-இன் நினைவாக ஆண்டுதோறும் உறுதிமொழி எடுக்கிறார்கள். ஆனால் கைநழுவித் தப்பித்த சிறு விபத்துகளைத் தொழிலாளி அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா, சொன்னால் வசவா நன்றியா என்பதே உண்மையான சோதனை. சின்ன விபத்துகளை மறைக்கும் ஆலையில் பெரிய விபத்து திடீரென்று வந்ததாகத் தோன்றும்.

இன்றைய நிலைக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மின்விசையுள்ள தொழிற்சாலைக்கான வரம்பு பத்திலிருந்து இருபது பேராக உயர்ந்துவிட்டது. பத்துப் பேர் உள்ள நிறுவனங்களுக்குப் பொதுக்கடமைகள் உண்டு என்றாலும், தொழிற்சாலைக்குரிய சிறப்பு விதிகள் அவற்றைத் தொடா. பாதுகாப்புக் குழுவோ அரசின் ஆணையைப் பொறுத்தது. பணி நியமன ஆணையும் இலவச மருத்துவப் பரிசோதனையும் இச்சட்டத்தின் நல்ல அம்சங்கள், மறுக்கவில்லை. ஆனால் ஈரோட்டுப் பக்கம் நான்கைந்து பேரோடு ஓடும் விசைத்தறிக் கொட்டகைகள் எந்தச் சட்டத்தின் வாசலிலும் இல்லை. சாயப்பட்டறைக் கழிவுத்தொட்டியில் இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்க இறங்கியவரும் சாவது நாம் செய்தித்தாளில் படித்துப் பழகிய ஒன்று. வாயுவைச் சோதிக்காமல் எவரும் இறங்கக் கூடாது என்று பழைய 36-ஆம் பிரிவு எப்போதோ சொல்லியிருந்தது.

நம்பிக்கைக்கும் ஒரு சான்று உண்டு. திண்டுக்கல் பகுதி ஆடை ஆலையொன்றில் வேலை செய்த இளம்பெண் 2021-இல் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 2022 ஏப்ரலில் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம், ஆலை நிர்வாகம், அயல்நாட்டு ஆடை நிறுவனம் ஆகியவை 'திண்டுக்கல் ஒப்பந்தம்' செய்துகொண்டன. அதன்படி தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்றுப் புகார்களை எடுத்துச் சொல்கிறார்கள். சொன்னவரைப் பழிவாங்க முடியாது. பாதுகாப்பு என்பது இயந்திரத்திடமிருந்து மட்டுமன்று, மனிதரிடமிருந்தும்தான் என்பதை அது ஏட்டில் ஏற்றியது.

கோபியைச் சுற்றிய கிராமங்களிலிருந்து விடியலிலேயே மில் வண்டிகள் பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. விடுதிகளில் வடமாநிலத்து இளைஞர்கள் தங்கியிருக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகையின் தமிழ் அவர்களுக்குப் படிக்க வராது. அவர்களுடைய திங்கட்கிழமை இருமலை எழுதிவைக்க ஒரு குறிப்பேடாவது ஆலையில் இருக்கிறதா? நம் ஊர்ப் பஞ்சாலைகளின் அடுத்த வரலாற்றை எழுதுவோர் முதலில் தேடவேண்டியது அந்தக் குறிப்பேட்டைத்தான்.